இரண்டு அறை, இரண்டு நாணயம்: பெல் தேற்றத்தை நீங்களே ஆடிப் பார்ப்பது எப்படி

குவாண்டம் இயற்பியல் பற்றித் தமிழில் எந்தக் காணொளியைப் பார்த்தாலும் இரண்டில் ஒன்று காதில் விழும். "ஐன்ஸ்டீன் தோற்றார், உலகம் பகடை ஆட்டம்தான் என்று இயற்பியலாளர் ஜான் பெல் நிரூபித்துவிட்டார்" என்பது ஒன்று. "இங்கே ஒரு துகளைத் தொட்டால் கோடி மைல் தள்ளியிருக்கும் அதன் ஜோடிக்கு அந்த நொடியே சேதி போய்விடும்" என்பது இன்னொன்று. எம்.எஸ்சி. வகுப்புக்குக் குவாண்டம் எடுக்கும் எனக்கு, இந்த இரண்டையும் மாணவர்கள் மண்டையிலிருந்து இறக்கி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கரும்பலகையில் தேற்றத்தை நிறுவினால் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் கேட்டால் மறுபடி பகடை, மறுபடி சேதி.

அதனால் இப்போதெல்லாம் முதலில் ஆட வைக்கிறேன். கீழே இருப்பது அந்த ஆட்டம். வீட்டிலேயே ஆடலாம். பாதி தூரம் வரை கூட்டல் கழித்தலுக்கு மேல் கணக்கு இல்லை. ஆடி முடித்தால், பெல் எதைத் தகர்த்தார், எதைத் தொடவே இல்லை என்பது கையிலேயே தெரியும்.

ஆட்டம்

நான்கு பேர் வேண்டும்: இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு மேற்பார்வையாளர்கள். இரண்டு அறைகள், கதவு சாத்தியபடி. அறைக்கு ஒரு நாணயம், ஒரு கோடு போட்ட தாள், சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. ஃபோன்களை வெளியே வாங்கி வைத்துவிடுங்கள். இது முக்கியம். சுவர் மெல்லியதாக இருந்தால் இரண்டு அறைக்கும் நடுவில் இன்னொரு அறை இருப்பது நல்லது; என் மாணவர்கள் இருமல் மூலம் சேதி அனுப்பியிருக்கிறார்கள். பூ விழுந்தால் ஒரு இருமல், தலை விழுந்தால் மௌனம். பிடித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. இந்தத் துறையில் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் அடைக்கப் பாடுபட்ட ஓட்டைகளில் ஒன்றை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் இரு அறையிலும் மேற்பார்வையாளர் நாணயத்தைச் சுண்டுவார். ஆட்டக்காரர் தன் நாணயத்தை மட்டும் பார்த்து, தாளில் தலையா பூவா என்று எழுதி, பக்கத்தில் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு டிக் போட வேண்டும். நூறு சுற்று முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதிப்பெண் போடுங்கள். விதி இதுதான்: இரண்டு நாணயமும் பூ என்றால் நிறங்கள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று நிலைகளிலும், அதாவது தலை-தலை, தலை-பூ, பூ-தலை என்றால், நிறங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்தச் சுற்றில் வெற்றி.

அறைக்குள் போகுமுன் ஆட்டக்காரர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கலந்து பேசலாம். "முதல் சுற்றில் இப்படி, இரண்டாம் சுற்றில் அப்படி" என்று நூறு துண்டுச் சீட்டு எழுதி ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துப் போகலாம். கதவு சாத்தியபின் பேச்சு கிடையாது.

ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கண்டுபிடிப்பார்கள்: இருவரும் எப்போதும் சிவப்பே போட்டால் மூன்று நிலைகளில் ஜெயிக்கலாம், பூ-பூ வரும்போது மட்டும் தோற்கலாம். நூற்றுக்குச் சுமார் 75. இதைவிட நன்றாக ஆட வழி உண்டா என்று கேளுங்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

16 வரி அட்டவணை

அப்புறம் ஒரு தாளில் எல்லா உத்திகளையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் ஓர் ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டியது இரண்டே விஷயம்: தலைக்கு என்ன நிறம், பூவுக்கு என்ன நிறம். ஆக ஆளுக்கு 4 வழி, இருவருக்கும் சேர்த்து 16. பதினாறு வரிகளையும் எழுதி, ஒவ்வொன்றும் நான்கு நிலைகளில் எத்தனையில் ஜெயிக்கிறது என்று போட்டுப் பார்த்தால் 8 வரிகளுக்கு 3 வரும், மீதி 8 வரிகளுக்கு 1 வரும். நான்கு எதிலும் வராது. இரண்டுகூட வராது.

ஏன் என்பதை மூன்று வரியில் சொல்லலாம். சிவப்பை 0, நீலத்தை 1 என்று வையுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் இருவர் விடையையும் கூட்டினால், நிறம் ஒன்றானால் இரட்டைப்படை, வேறானால் ஒற்றைப்படை. நான்கு நிலைகளின் கூட்டல்களையும் மொத்தமாகக் கூட்டுங்கள். இடது அறையின் தலை-விடை அதில் இரண்டு முறை வருகிறது, பூ-விடையும் இரண்டு முறை. வலது அறைக்கும் அப்படியே. ஆக மொத்தம் எப்போதும் இரட்டைப்படை. ஆனால் விதி கேட்பது மூன்று இரட்டைப்படை, ஒரு ஒற்றைப்படை, மொத்தம் ஒற்றைப்படை. நான்கிலும் ஜெயிக்கவே முடியாது.

இவ்வளவுதான். 1964-ல் ஜான் பெல் எழுதிய கட்டுரையின் கணக்குச் சாரம், 1969-ல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வர் ஆய்வகத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதிய வடிவத்தில், இந்தச் சின்ன ஒற்றை-இரட்டைக் கணக்குதான். பெல்லின் மூலக் கட்டுரை வந்தது சில ஆண்டுகளிலேயே நின்றுபோன ஒரு பத்திரிகையில். பல ஆண்டுகள் அதை யாரும் சீண்டவில்லை.

பகடையைக் கொடுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். வேகமாகப் போகிறவர்கள் எல்லாரும் தவறான முடிவுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

மேலே உள்ள அட்டவணையில் ஒவ்வொரு வரியும் முன்பே தீர்மானிக்கப்பட்ட விடைகள். அதாவது நியதிவாதம், டிடர்மினிசம். "அப்படியானால் 75-ஐத் தாண்ட முடியாததற்குக் காரணம் விடைகள் முன்பே தீர்மானமாகி இருப்பதுதானே? பகடை போட்டு விடை சொன்னால்?" என்று ஒருவர் கேட்பார். யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு பகடையைக் கொடுத்து அறைக்கு அனுப்புங்கள்.

மதிப்பெண் ஏறாது. பெரும்பாலும் இறங்கும். பகடை போட்டு விடை சொல்வது என்றால் என்ன? இந்தச் சுற்றில் பகடை விழுந்தபடி பதினாறில் ஏதோ ஒரு வரியை ஆடுகிறோம், அடுத்த சுற்றில் வேறு வரி. ஒவ்வொரு வரியும் மூன்றுக்கு மேல் தராதபோது, வரிகளை எப்படிக் கலந்தாலும் சராசரி மூன்றைத் தாண்டாது. பகடையை இருவரும் பகிர்ந்தாலும் சரி, ஆளுக்கு ஒன்று தனியாக வைத்திருந்தாலும் சரி. ஆர்தர் ஃபைன் 1982-ல் இதை முறையாகவே காட்டினார்: இடச்சார்புள்ள ஒரு நிகழ்தகவு மாதிரியால் செய்ய முடிந்த எதையும், இடச்சார்புள்ள ஒரு நியதி மாதிரியாலும் செய்ய முடியும், இதன் மறுதலையும் உண்மை.

இடச்சார்பு என்று நான் சொல்வது கதவு சாத்தியிருப்பதை: இந்த அறையில் போடும் டிக், இந்த அறை நாணயத்தையும் கையில் இருக்கும் சீட்டையும் மட்டுமே பொறுத்தது, அடுத்த அறை நாணயத்தைப் பொறுத்தது அல்ல.

ஆக, இயற்கை இந்த ஆட்டத்தில் 75-ஐத் தாண்டினால், "அது பகடை போடுகிறது, அதனால்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. பகடையை நாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம்.

இயற்கை எத்தனை வாங்குகிறது

இப்போது சீட்டுகளுக்குப் பதில் ஆட்டக்காரர்கள் கையில் பின்னிய ஃபோட்டான் ஜோடிகள் (ஒன்றாக உருவாகி, ஒரே குவாண்டம் நிலையைப் பகிரும் ஒளித்துகள்கள்) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் ஃபோட்டானை ஒரு போலரைசர் (ஒளியை அதன் அதிர்வுத் திசைப்படி வடிகட்டும் தகடு) வழியாக அனுப்பி, கடந்தால் சிவப்பு, கடக்காவிட்டால் நீலம் என்று டிக் போடுகிறார். இடது அறையில் தலைக்கு 0 டிகிரி, பூவுக்கு 45 டிகிரி. வலது அறையில் தலைக்கு 22.5, பூவுக்கு மைனஸ் 22.5. தகுந்த ஜோடியை எடுத்தால், இரண்டு விடையும் ஒன்றாக இருக்கும் நிகழ்தகவு கோண வித்தியாசத்தின் கொசைனின் வர்க்கம்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று நிலைகளிலும் வித்தியாசம் 22.5 டிகிரி, ஒன்றாக இருக்க வாய்ப்பு 0.8536. பூ-பூ நிலையில் வித்தியாசம் 67.5 டிகிரி, ஒன்றாக இருக்க வாய்ப்பு 0.1464, வேறுபட வாய்ப்பு 0.8536. நான்கு நிலையிலும் நூற்றுக்கு 85-க்குக் கொஞ்சம் மேல். குவாண்டம் விதிகளுக்குள் இதற்கு மேல் போக முடியாது என்று 1980-ல் சிரெல்சன் நிறுவினார்.

உங்கள் வீட்டு ஆட்டத்தில் யாராவது 20 சுற்றில் 17 வாங்கிவிட்டு "நாங்களும் 85!" என்று குதித்தால் பதறாதீர்கள். 75 சதவீத வாய்ப்பில் ஆடினாலும் 20-க்கு 17 அல்லது அதற்கு மேல் வாங்குவது ஐந்தில் ஒரு முறைக்கும் மேலாகவே நடக்கும். அதனால்தான் நூறு சுற்று என்றேன். நூறில்கூட நாலைந்து கூடக் குறைய வரும்.

ஆய்வகங்களுக்கு இருமல் தொல்லையும் இருந்தது. 1972-ல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுக்களிலிருந்து வந்த ஃபோட்டான்களை வைத்து முதலில் செய்தபோது பெல்லின் எல்லையை (நம் ஆட்டத்தில் 75) தாண்டினார்கள். ஆனால் "நாணயம்", அதாவது போலரைசரின் கோணம், முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது, இருமலுக்கு நேரம் இருந்தது. 1982-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர்சேயில் அலைன் ஆஸ்பெ குழு, 12 மீட்டர் இடைவெளியில், ஒளி கடக்க 40 நானோ நொடி ஆகும் தூரத்தை வைத்து, சுமார் 10 நானோ நொடிக்கு ஒருமுறை போலரைசரை மாற்றியது. மாறுதல் முழுக்கத் தற்செயலாக இல்லை, சீராக ஊசலாடியது என்ற குறை இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் நடந்தது. இரண்டு ஆய்வகங்கள், நடுவில் 1.28 கிலோமீட்டர். ஒவ்வொன்றிலும் வைரத்துக்குள் சிறைப்பட்ட ஓர் எலெக்ட்ரான். ஒளியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 4.27 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் நாணயம் சுண்டி, விடையும் பதிவாகிவிடும். இருமுவதற்கு நேரமே கிடையாது. 18 நாட்களில், மொத்தம் 220 மணி நேர அளவீட்டில், அவர்களுக்குக் கிடைத்தது 245 சுற்றுகள். அதில் வெற்றி 196. வகுத்தால் சரியாக 80 சதவீதம். வெறும் அதிர்ஷ்டத்தில் இது வர வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களை வைத்து, இன்னும் எத்தனையோ அதிகச் சுற்றுகளோடு, அதே முடிவு வந்தது. கிளாசர், ஆஸ்பெ, வியன்னாவின் சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு.

ஃபோனைத் திருப்பிக் கொடுங்கள்

இது நான் சேர்த்த கட்டம். செய்ய அரை மணி நேரம் ஆகும், ஆனால் தவற விடாதீர்கள்.

பகடைகளைப் பறிமுதல் செய்யுங்கள். ஃபோன்களைத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் ஒரு வழிப் பேச்சுதான்: வலது அறை தன் நாணயம் என்ன என்று இடது அறைக்குச் சொல்லலாம், அவ்வளவே. இப்போது நூறு சீட்டு தயாரியுங்கள்.

41 சீட்டில் "ஃபோன்" என்று எழுதுங்கள். இதன் உத்தி: வலது அறை எப்போதும் சிவப்பு. இடது அறை, இரண்டு நாணயமும் பூ என்றால் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. நான்கு நிலையிலும் வெற்றி. மீதி 59 சீட்டில் ஃபோன் கிடையாது. பதினாறு வரியில் மூன்று வாங்கும் எட்டு வரிகள் இருந்தன அல்லவா? அவற்றில் ஒவ்வொரு நிலையிலும் தோற்கும் ஒன்றாக நான்கு வரிகளைப் பொறுக்கி எடுத்து, ஏறக்குறையச் சமமாகப் பங்கிடுங்கள். உதாரணத்துக்கு, எப்போதும் சிவப்பு என்ற உத்தி பூ-பூவில் தோற்கும். இடது அறை தலைக்குச் சிவப்பு, பூவுக்கு நீலம். வலது அறை தலைக்கு நீலம், பூவுக்குச் சிவப்பு என்ற உத்தி தலை-தலையில் தோற்கும். மற்ற இரண்டையும் நீங்களே கண்டுபிடியுங்கள்.

கடைசியாக, நூறு சீட்டில் பாதியைக் குலுக்கல் முறையில் எடுத்து மூலையில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் இருந்தால் அந்தச் சுற்றில் இருவரும் சிவப்பு நீலத்தை மாற்றிப் போட வேண்டும். எல்லாச் சீட்டையும் நன்றாகக் கலைத்து, அதே வரிசையில் இருவருக்கும் பிரதி கொடுங்கள்.

ஆடுங்கள். எதிர்பார்க்க வேண்டிய மதிப்பெண்: 41 கூட்டல் 59-ல் முக்கால், அதாவது 85.25. குவாண்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். 41 என்ற எண்ணை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 85.36 வாங்க வேண்டுமென்றால் 41.4 சதவீதச் சுற்றுகளிலாவது ஃபோன் தேவை; அதற்குக் குறைவாக முடியாது.

இப்போது மேற்பார்வையாளர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். அறைக்குள் எங்காவது தற்செயல் இருந்ததா? நாணயத்தைத் தவிர எதுவும் இல்லை. சீட்டும் நாணயங்களும் தெரிந்தால் ஒவ்வொரு டிக்கும் முன்பே நிச்சயம். முழு நியதி. அப்படியும் பெல்லின் எல்லை உடைந்துவிட்டது. பகடை கொடுத்தபோது உடையாதது, ஃபோன் கொடுத்ததும் உடைந்தது. வகுப்பில் இந்த இடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. சத்தம் அடங்கச் சில நிமிடம் ஆகும்.

அடுத்து இடது அறைத் தாளை மட்டும் எடுங்கள். வலது அறையில் எந்தச் சுற்றில் பூ விழுந்தது என்று அந்தத் தாளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. நட்சத்திரம் பாதிக்குப் பாதி என்பதால் சிவப்பும் நீலமும் சம அளவில்தான் வரும், அங்கே என்ன விழுந்தாலும். குவாண்டத்திலும் இதே கதைதான். தலை-தலை நிலையில் சிவப்பு-சிவப்பு 0.4268, சிவப்பு-நீலம் 0.0732, கூட்டினால் இடது அறையில் சிவப்பு வர 0.5. பூ-பூ நிலையில் சிவப்பு-சிவப்பு 0.0732, சிவப்பு-நீலம் 0.4268, மறுபடி 0.5. மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஃபோன் ஓடிக்கொண்டே இருந்தாலும் அதில் யாரும் யாருக்கும் சேதி அனுப்ப முடியாது. காணொளிகளின் "அந்த நொடியே சேதி" இங்கேயே முடிந்துபோகிறது.

இப்போது பெயர்களை ஒட்டலாம்

நீங்கள் கையால் செய்த இந்தச் சீட்டு ஆட்டத்துக்கு இயற்பியலில் நிஜமான அண்ணன் உண்டு. 1927-ல் சால்வே மாநாட்டில் லூயி த பிராய் முன்வைத்து, பின்னர் கைவிட்ட ஒரு கருத்தை 1952-ல் டேவிட் போம் முழுமையாக வெளியிட்டார். அரசியல் விசாரணையில் சிக்கிப் பிரின்ஸ்டன் வேலையை இழந்து, அப்போது அவர் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இருந்தார். அவர் கோட்பாட்டில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலைச்சார்பு (குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) அதை வழிநடத்தும், பகடையே கிடையாது. குவாண்டத்தின் எல்லாக் கணிப்புகளும் அப்படியே வரும். ஆனால் ஒரு துகளின் வேகத்துக்கான சமன்பாட்டைப் பாருங்கள்: அதில் மற்ற எல்லாத் துகள்களின் இருப்பிடமும், அதே கணத்தில், உட்கார்ந்திருக்கும். எத்தனை தூரமானாலும். ஃபோன் சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பெல்லுக்குக் கேள்வி பிறந்ததே இதிலிருந்துதான். இப்படி ஒரு கோட்பாடு சாத்தியமே இல்லை என்று கணிதவியலாளர் ஃபான் நாய்மன் 1932-ல் நிறுவியதாகப் பலர் நம்பினார்கள். கிரேட்டே ஹெர்மன் என்ற பெண் 1935-லேயே அந்த நிறுவலின் ஓட்டையைச் சுட்டிக் காட்டியும் யாரும் கேட்கவில்லை. போம் செய்து காட்டியதைப் படித்த பெல், ஃபோன் இல்லாமல் இதையே செய்ய முடியாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை எழுப்பிய கட்டுரை பதிப்பகக் குளறுபடியால் 1966-ல்தான் வந்தது. விடை 1964-லேயே வந்துவிட்டது. முடியாது என்பதே விடை.

அதனால் யாராவது "பெல் நியதிவாதத்தைக் கொன்றார்" என்றால், அவர் எந்த அனுமானங்களிலிருந்து தொடங்கினார் என்று கேளுங்கள். 1981-ல் பெல்லே ஒரு கட்டுரையில் அலுத்துக்கொண்டார்: நியதி என்பது முன்அனுமானம் அல்ல என்பதை மக்களுக்குப் புரியவைப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறதாம். ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரின் 1935 கட்டுரையில் நியதி ஒரு முடிவாக வருகிறது. கதவு சாத்தியிருக்க, இரண்டு பேர் ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே விடை சொல்கிறார்கள் என்றால், விடை முன்பே சீட்டில் எழுதியிருந்தால்தான் உண்டு. பெல் அங்கிருந்து தொடங்கி, அந்தச் சீட்டும் போதாது என்று காட்டினார். ஐன்ஸ்டீனையும் பகடையோடு மட்டும் கட்டிப்போடுவது நியாயமில்லை. 1947-ல் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில் அவரை உறுத்தியது தொலைவில் நடக்கும் பேய்த்தனமான செயல், அதாவது ஃபோன். நியதி அவருக்கு அத்தனை அடிப்படையானது அல்ல என்று இன்னோர் இயற்பியலாளரான பவுலி 1954-ல் போர்னிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, போமை ஏற்றுக்கொண்டு போய்விடலாமா? ஃபோனுக்கு ஒரு விலை உண்டு. வலது அறை முதலில் டிக் போட்டதா, இடது அறையா என்பதைப் பொறுத்து யார் யாருக்குச் சொல்கிறார் என்பது மாறும். டெல்ஃப்ட் மாதிரி சோதனையில் "யார் முதலில்" என்பது பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்தது என்று சார்பியல் சொல்கிறது. போமின் கோட்பாட்டுக்கு ஒரு தனிச்சலுகை பெற்ற "இப்போது" வேண்டும். ஆனால் எந்தச் சோதனையிலும் அது கண்ணில் படாது. இதில் எனக்கு நெருடல் உண்டு. ஆனால் நெருடல் வேறு, மறுப்பு வேறு.

பகடையைப் பிடித்தவர்களுக்கும் ஃபோன் பில் குறையவில்லை. கிரார்டி, ரிமினி, வெபர் மூவர் 1986-ல் எழுதிய கோட்பாட்டில் அலைச்சார்பு தற்செயலாகச் சரிகிறது. ஒரு முனையில் சரிந்தால் மறுமுனையிலும் சேர்ந்தே சரியும். பகடையும் உண்டு, ஃபோனும் உண்டு. எவரெட்டின் 1957 கோட்பாட்டில் இரண்டும் இல்லை என்பார்கள். ஆனால் அங்கே ஒரு சுற்றுக்கு ஒரு டிக் என்பதே கிடையாது, எல்லா டிக்கும் நடக்கிறது. அதில் நிகழ்தகவு எங்கிருந்து வருகிறது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் இங்கே போக வேண்டாம்.

நாணயத்தில் கை வைத்தால்

இன்னொரு வழி மிச்சம் இருக்கிறது. ஃபோனை மறுபடி வாங்கி வைத்துவிட்டு, மேற்பார்வையாளர்களை ஆட்டக்காரர்களோடு கூட்டுச் சேர விடுங்கள். எந்தச் சுற்றில் எந்த நாணயம் என்று முன்பே சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சுண்டுவது போல நடிக்கட்டும். ஃபோன் இல்லை, பகடை இல்லை, நூற்றுக்கு நூறு.

இதை மிகை நியதிவாதம், சூப்பர் டிடர்மினிசம் என்பார்கள். சோதனையாளர் எந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பதும் துகளின் நிலையும் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்தே பிணைந்திருந்தால் பெல்லின் கணக்கு செல்லாது. நோபல் பெற்ற ஜெரார்ட் 'ட் ஹூஃப்ட் இந்த வழியை விடாமல் பிடித்திருக்கிறார். 2018-ல் வெளியான ஒரு சோதனையில், 780 கோடி, 1,220 கோடி ஆண்டுகளுக்கு முன் குவேசார்களிலிருந்து (மிகத் தொலைவில் இருக்கும் மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்கள்) புறப்பட்ட ஒளியை "நாணயமாக" வைத்துப் பார்த்தார்கள். எல்லை அப்போதும் உடைந்தது. இன்னும் பின்னோக்கிப் போய் "அதற்கும் முன்பே எழுதியிருந்தது" என்று எப்போதும் சொல்லலாம். சோதனையால் முழுமையாக மூட முடியாத ஓட்டை இது. ஒரு மருந்தைச் சோதிக்க நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கும்போதும் இதே சந்தேகத்தைக் கிளப்பலாம், யாரும் கிளப்புவதில்லை. குவாண்டத்துக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

பகடைப் பக்கம் நிற்பவர்கள் 2010-ல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். ஒரு மீட்டர் தள்ளியிருந்த இரண்டு அயனிகளை வைத்து இதே ஆட்டத்தை ஆடி, 42 பிட் அளவுக்கு "உண்மையான தற்செயல்" உத்தரவாதத்தோடு எடுத்தார்கள். தர்க்கம் இதுதான்: எல்லை உடைந்தது, ஆனால் சேதி போக முடியாது, ஆகவே விடையை யாராலும் முன்பே தெரிந்திருக்க முடியாது. நம் ஃபோன் சீட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள். நட்சத்திரமே இல்லாத ஒரு கட்டு "ஃபோன்" சீட்டைக் கொடுத்தால், இடது அறைத் தாளில் நீலம் விழும் ஒவ்வொரு இடத்திலும் வலது அறையில் பூ என்று படித்துவிடலாம். சேதி போய்விட்டது! அதைத் தடுத்தது நட்சத்திரத்தைப் பற்றிய அறியாமை மட்டுமே. ஆக, விடையை யாராலும் கணிக்க முடியாது என்பது நிரூபணமானது. விடை முன்பே தீர்மானமாகவில்லை என்பது நிரூபணமாகவில்லை. வங்கிப் பாஸ்வேர்டுக்கு முதலாவதே போதும். தத்துவத்துக்குப் போதாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு

மூன்று ஆட்டக்காரர்கள், மூன்று அறைகள். கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் 1989-ல் சொன்னதன் ஆட்ட வடிவம் இது. ஒரு நடுவர் நான்கு நிலைகளில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அறைக்கு ஒரு கேள்வியாகத் தலை அல்லது பூ என்று சீட்டில் அனுப்புவார்: மூவருக்கும் தலை, அல்லது யாராவது இருவருக்குப் பூ. மூவருக்கும் தலை என்றால் நீல டிக்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் (பூஜ்யமும் இரட்டைப்படைதான்). இருவருக்குப் பூ என்றால் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

சீட்டு வைத்துக்கொண்டு இதில் எத்தனை சதவீதம் வரை போக முடியும் என்று மேலே செய்த அதே ஒற்றை-இரட்டைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த முறை 64 வரிகளையும் எழுத வேண்டியதில்லை, கூட்டல் ஒன்றே போதும். பின்னிய மூன்று ஃபோட்டான்களுக்குக் குவாண்டம் சொல்லும் விடை நூற்றுக்கு நூறு. 2000-ல் சைலிங்கரின் குழு மூன்று ஃபோட்டான்களை வைத்துச் செய்த சோதனையும் அந்தப் பக்கமே நின்றது. கணக்கு முடிந்ததும், எத்தனை ஃபோன் இணைப்பு கொடுத்தால் சீட்டாலேயே நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்று தேடுங்கள். ஒன்றே போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் என் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். தாளும் பேனாவும் இருந்தால் கால் மணி நேரத்தில் தீர்த்துவிடலாம்.